பதினான்கு என்று சொன்ன வாய்

வாழையிலையில் தெளித்த நீர் நரம்பு வழியே ஓடி நுனியில் திரண்டு நின்றது. அதைக் கையால் வழித்துவிட வேண்டும். என் கை நடுங்கியதால் பாதி நீர் என் மடியிலும் பாதி பக்கத்து இலைக்காரர் மேலும் தெறித்தது.

"தம்பி, நான் காலையிலேயே குளிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார் அவர்.

தம்பி என்று அவர் அழைத்தது என்னை. எனக்கு அப்போது வயது பதினேழு. பெயர் அன்னம். சப்பானியர் மலாக்காவுக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. காஜா பெராங்கில் ஒரு திருமண வீட்டில், ஆண்கள் பந்தியில், இருபது ஆடவர்க்கு நடுவே நான் சம்மணமிட்டு அமர்ந்திருந்தேன். மழித்த தலையில் முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. தந்தையாரின் பழைய சட்டையைத் தாயார் எனக்காகக் குறுக்கித் தைத்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. எனக்கு இட்டிருந்த ஆண்பெயர் செல்லையா.

இத்தொடரைப் படித்துவரும் அம்மையார் ஒருவர் எழுதிய கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. 'திருமண வீடுகளில் உங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் பந்தியில் அமர்கிறீர்கள். கடைசி ஆள் எழும்வரை எழுவதில்லை. அப்படி என்ன விருப்பம்?' என்று கேட்கிறார். விருப்பம் வந்த கதை அந்த நடுங்கிய கையிலிருந்து தொடங்குகிறது.

அதற்கு முன் போன திருமணங்கள்

சிறுமியாக இருந்தபோது திருமணம் என்றாலே எனக்குப் பிடிக்காது.

பெண்பிள்ளை விருந்துக்குப் போவதில்லை, வேலைக்குத்தான் போகிறாள். சந்தனம் அரைப்பேன். வெற்றிலையின் காம்பு கிள்ளுவேன். யாருடைய குழந்தையோ என் இடுப்பில் இருக்கும். பந்திக்குப் பந்தி தண்ணீர் ஊற்றிவிட்டு, கடைசியில் அடுப்படியில் நின்றபடி சாம்பாரின் அடிமண்டியில் சோறு பிசைந்து உண்பேன்.

அதைவிடக் கொடியது பெரியவர்களின் பார்வை. "வாத்தியார் மகளா? கண்ணு நல்லாத்தான் இருக்கு. நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்று என் முகத்துக்கு நேரே சொல்வார்கள். ஒருத்தி என் பின்னலைத் தூக்கிப் பார்த்துச் சவரியா என்று இழுத்தே சோதித்தாள்.

தந்தையார் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். எனக்கு இலக்கணம் கற்பித்தவர் அவரே. எழுதுவது போலவே பேசவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். 'பதினாலு' என்று சொன்னால் விரல்முட்டியில் அடிகோலால் ஒரு தட்டு விழும். 'பதினான்கு' என்று திருத்திச் சொன்ன பிறகுதான் சோறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இதற்காகவே என்னிடம் எண்களைச் சொல்லச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

கத்தரிக்கோல்

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் படைவீரர் இருவர் பட்டப்பகலில் நுழைந்தனர். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பெண் அதற்குப்பின் கிணற்றடிக்கு வரவில்லை என்பது மட்டும் எல்லார்க்கும் தெரிந்தது.

அன்று மாலையே தாயார் என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்தார். மாரியம்மனுக்கு வேண்டுதல் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். கத்தரிக்கோல் முதலில் பின்னலைக் கடித்தது. அது அறுபடாமல் மென்றது. அம்மாவின் மூச்சு என் காதில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. பின்னல் முழுதாக என் மடியில் விழுந்தபோது, ஏதோ செத்த உயிர் விழுந்ததுபோல் கனத்தது. அம்மா அதைக் கழுவி, உலர்த்தி, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். 'வேண்டுதல்தானே, வெளியில் போடக்கூடாது' என்றார்.

தெரு முழுவதும் உண்மையை அறியும். தெரு முழுவதும் வாயை மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டி மரபைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் இருந்தார். பூசைக்குத் தமிழ்ப் பெயர்களும் வீட்டுப் பேச்சுக்கு மலாயும் அவர்கள் வழக்கம். மாக்சிக் என்று நாங்கள் அழைப்போம். மலாயில் சிற்றன்னை என்று பொருள். என் மொட்டையைத் தடவிப் பார்த்த அவர், "செல்லையா, சந்தேக் லா!" என்றார். அழகாம். அன்று என்னைச் சிரிக்க வைத்தவர் அவர் ஒருவரே.

பெண்ணாக இருந்தால் ஓர் அச்சம். ஆணாக மாறியதும் வேறோர் அச்சம் வந்து சேர்ந்தது. சயாமில் போடும் இருப்புப்பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லோரி வந்து நிற்கும், ஏறியவர் திரும்பியதில்லை. பதினைந்தைத் தாண்டிய ஆண்பிள்ளை எவனும் ஏற்றத்தக்கவன். ஆகவே எனக்குப் பதினான்கு வயது என்று வீட்டில் முடிவுசெய்தோம்.

முதல் பந்தி

அந்தத் திருமணத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. மணப்பெண்ணின் தந்தை எங்கள் பின்வீட்டுக்காரர். என்னை வீட்டில் தனியே விட்டுச் செல்லப் பெற்றோர் துணியவில்லை. செல்லையாவாக அழைத்துச் சென்றார்கள்.

மேளம் இல்லை. ஓசை லோரியைக் கூட்டிவரும் என்று மேளக்காரரை அழைக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் வந்திருந்த நாற்பது பேரும் விரல் நுனியால் உள்ளங்கையைத் தட்டினார்கள். ஓலைக் கூரையில் தூறல் விழுவது போன்ற ஓசை. மணமகளின் சேலை இரவல். சோற்றில் பாதி மரவள்ளித் துருவல். வடையும் மரவள்ளிதான். பாயசம் மட்டும் கூலா மலாக்கா என்னும் தென்னைவெல்லம் போட்டுக் கொதித்து, தெருமுனைவரை மணத்தது.

வந்த ஆட்களோடு என்னையும் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். அம்மா கண்ணால் 'போ' என்றார். எதிர் வரிசையில் தந்தையார். பக்கத்து இலையில் நான் நீர் தெறித்த அந்த மனிதர். பெயர் மாணிக்கம், பண்டார் ஹிலிர்க்காரர். அரிசிப் பங்கீட்டுக் கடையில் அளந்து போடும் வேலை. கையில் சப்பானிய எழுத்துப் பொறித்த பட்டை. அந்தப் பட்டை இருந்ததால் அவரை லோரி தீண்டாது. எங்கள் தெருக்காரர் அல்லர் என்பதால் என்னைப் பற்றிய உண்மை அவருக்குத் தெரியாது.

நான் வடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முறைக்காத தம்பி. அது பயந்து இலைய விட்டு ஓடிடும்" என்றார். பிறகு தம் வடையையும் எடுத்து என் இலையில் வைத்தார். "எனக்குப் பல்லு வலி. மரவள்ளி வடைய மெல்ற வயசு உனக்குத்தான்."

பரிமாறியவர் என்முன் குனிந்து, "தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்டார். அதுவரை எந்தத் திருமணத்திலும் எவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி அது. என் நிறத்தை யாரும் பார்க்கவில்லை. என் தலையை யாரும் இழுக்கவில்லை. காலை அகற்றி உட்கார்ந்து, சூடான சோற்றைச் சூடாகவே உண்டேன். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள் என்று தந்தையார் சொல்லித் தந்திருந்தார். அந்தப் பொருள் எனக்கு நாவில் விளங்கிய நாள் அதுவே.

எவ்வளவு நேரம் அந்த மகிழ்ச்சி நீடித்தது? இரண்டாம் முறை சாம்பார் வரும்வரை.

கிராணி

பந்தலுக்கு வெளியே லோரி நின்றது. அதன் பொறி அடங்கும் ஓசையைப் பந்தி முழுவதும் கேட்டது. வாசலில் படைவீரர் இருவர் புகை பிடித்தபடி நின்றனர். உள்ளே வந்தவர் ஒரு தமிழர். வெள்ளைச் சட்டை, கையில் குறிப்பேடு, காதிடுக்கில் பென்சில். ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கிராணி என்றே ஊரார் சொல்வார்கள். வெளியூர்க்காரர்.

"யாரும் எழும்ப வேணாம்" என்றார் கிராணி. "சாப்பிடுங்க. சாப்பிட்டுக்கிட்டே பேரையும் வயசையும் சொல்லுங்க."

பந்தியில் அமர்ந்தவர் எல்லாரும் உண்டு முடிக்கும்வரை ஒருவரும் எழுவதில்லை என்பது நம் வழக்கம். நடுவில் எழுந்தால் பக்கத்திலிருப்பவருக்கு இழிவு. அந்த மரியாதையை அவர் அறிந்திருந்தார். அறிந்துதான் அந்த நேரத்தில் வந்திருந்தார். இருபது பேர் கையில் சோற்றோடு அசையாதிருந்தோம்.

வரிசையின் தலைப்பில் இருந்த இளைஞர் இருவரின் பெயர்கள் முதலில் ஏடேறின. "சாப்பிட்டு முடிச்சிட்டு வண்டிக்குப் போங்க" என்றார், பக்கத்துக் கடைக்குப் போகச் சொல்பவர்போல். அவர்களில் ஒருவர் இலையிலிருந்த பாயசத்தை வழித்து வழித்து நெடுநேரம் உண்டார். அது தீர்ந்துவிடக் கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

மாணிக்கத்தின் கைப்பட்டையைப் பார்த்துவிட்டுக் கிராணி என் முன்னால் நின்றார்.

"பேரு?"

"செல்லையா."

"வயசு?"

"பதினான்கு."

பென்சில் நின்றது. "பதினான்காம்ல! எந்த வாத்தியார் பெத்த புள்ள நீ?"

எதிர் வரிசையில் தந்தையார் கையைத் தூக்கினார். அவர் கையிலிருந்து சோறு உதிர்ந்தது. கிராணி இருவரையும் மாறிமாறிப் பார்த்து எழுதிக்கொண்டார். "இப்போ சின்னதா இருக்கான். அடுத்த தடவைக்குப் பார்ப்போம்."

அத்தோடு போயிருப்பார். அந்நேரம் பார்த்து மாக்சிக் தாம்பூலத் தட்டோடு பந்திக்குள் வந்தார். வெற்றிலைக்குப் பக்கத்தில் மல்லிகைச் சரங்கள் கிடந்தன. பெண்கள் பக்கம் கொண்டுபோக வேண்டியவை. மல்லிகையைக் கண்டு எத்தனை மாதங்கள்! அச்சத்தில் அறிவு எங்கோ போயிருந்த வேளை, என் கை தானாகவே நீண்டு ஒரு சரத்தை எடுத்தது. எடுத்ததோடு நில்லாமல் பிடரிக்கும் போயிற்று. அங்கே பின்னல் இல்லை.

கிராணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தோக் காக்காக் கா?" என்று மாக்சிக் உரக்கக் கேட்டார். அக்காளுக்கா என்று பொருள். நான் தலையாட்டினேன்.

இல்லாத அக்காள்

ஒரு பொய் என்னைக் காத்தது. அடுத்த கணமே அது வாய் பிளந்தது.

"ஓ, வீட்ல அக்கா இருக்கா?" என்றார் கிராணி. "என்ன வயசு? கல்யாணம் ஆயிருச்சா?" வாசலில் நின்ற படைவீரரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

செல்லையா ஒருவனே இருந்த இடத்தில் இப்போது இருவர். தம்பிக்கு லோரி, அக்காளுக்கு அதைவிடக் கொடியது. தந்தையார் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகியதில்லை. பந்தலில் இருந்த எங்கள் தெருக்காரர் எல்லார்க்கும் உண்மை தெரியும்.

"அதை ஏன் அவனைக் கேட்கிறீங்க கிராணி? என்னைக் கேளுங்க" என்றார் மாணிக்கம், சோற்றைப் பிசைந்தபடி. "எனக்குப் பேசி முடிச்ச பொண்ணு. இவன் என் மச்சான். இல்லாட்டி என் வடையைத் தூக்கி இவனுக்கு வைப்பேனா?"

கிராணி அவரையும் அந்த இரண்டு வடைகளையும் பார்த்தார்.

"அப்படியா? கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிடு. வந்து பார்க்கிறேன்."

லோரி புறப்பட்டது. தலைப்பில் இருந்த இரண்டு இலைகளும் மூடப்படாமல் கிடந்தன. அவ்விருவரில் ஒருவர் போர் முடிந்தபின் திரும்பிவந்தார். மற்றவரின் தாயார் நெடுங்காலம் எங்கள் தெருவில் இருந்தார். அவர் எந்தத் திருமணத்துக்கும் வந்ததில்லை.

மறுநாள் மாணிக்கத்தின் தாயார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "வாத்தியாரம்மா, என் மகன் பந்தியில உட்கார்ந்து பரிசம் போட்டுட்டு வந்துட்டானாம். பொண்ணு பேரு என்னடான்னா முழிக்கிறான். இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல?"

பின்னால் நின்ற மாணிக்கம் என்னைக் கண்டார். நான் வீட்டில் பாவாடை கட்டியிருந்தேன், தலையில் துண்டு. "செல்லையா, அக்காவ வரச் சொல்லு" என்று தொடங்கியவர் பாவாடையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அட! மச்சானேதானா?"

அவர் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கிராணி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். திருமணம் நடக்காவிட்டால் இரண்டு வீட்டார்க்கும் கேடு. தந்தையார் என்னைத் தனியே அழைத்து, "உனக்கு விருப்பமா?" என்று கேட்டார்.

"அவர் என் இலையில் வடை வைத்தார்" என்றேன். அன்று எனக்குத் தோன்றிய விடை அதுதான்.

அடுத்த சில வாரங்கள் எப்படிக் கழிந்தன என்று எழுத வரவில்லை. தெருவில் எந்த வண்டி வந்தாலும் தாயார் கதவைத் தாழிடுவார். ஏட்டில் செல்லையாவின் பெயர் இருந்தது. 'அடுத்த தடவை' என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது.

பொரி

மணமேடையில் என் தலையில் சவரி இருந்தது. ஒரு காலத்தில் ஒருத்தி இழுத்துச் சோதித்த என் சொந்தப் பின்னலையே அம்மா பெட்டியிலிருந்து எடுத்து, குட்டை முடியோடு நூலால் தைத்திருந்தார். தலையை ஆட்டினால் விழுந்துவிடும். கிராணியை அழைத்திருந்தோம். அழையாவிட்டால் ஐயம்; அழைத்தால் அச்சம். தாலி ஏறும்வரை அவரைக் காணோம். வரமாட்டார் என்று நான் மூச்சுவிட்ட நேரத்தில் பந்தலுக்குள் வந்தார். படைவீரர் உடன் இல்லை. குறிப்பேடு சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

அடுத்த சடங்கு பொரியிடுதல். மணமகளின் உடன்பிறந்தான் அவள் கைகளில் பொரியை இடுவான். அவள் அதைத் தீயில் சொரிவாள். சடங்கை நடத்தியவர் பழக்கத்தால், "பொண்ணோட தம்பியைக் கூப்பிடுங்க" என்றார்.

எங்கள் கணக்கில் இது விடுபட்டுப் போயிருந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. அதனால் மைத்துனன் வேண்டும் என்பதையே மறந்திருந்தோம்.

"ஆமா, எங்க அந்தச் செல்லையா?" என்றார் கிராணி.

நீட்டிய என் கைகள் வெறுமையாக நின்றன. மாணிக்கம் தந்தையாரைப் பார்த்தார். மாக்சிக் எதையோ தொடங்கி நிறுத்தினார்.

கிராணி குறிப்பேட்டைப் பையிலிருந்து எடுத்தார். தந்தையாரிடம், "வாத்தியாரே, உங்க பையன் அன்னைக்கு என்ன வயசு சொன்னான்? பென்சில் எழுத்து, அழிஞ்சு போச்சு" என்றார்.

தந்தையாரின் முகம் சாம்பலாயிற்று. அவர் வாயிலிருந்து உண்மை வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வேறு எதுவும் அவருக்கு வராது. அதைத் தடுக்கும் பதைப்பில், குனிந்த தலை நிமிராமல் நானே சொன்னேன்.

"பதினான்கு."

சொன்ன பிறகுதான் என் செவியில் அது விழுந்தது. அதே சொல், அதே குரல். மலாக்கா முழுவதும் தேடினாலும் பேச்சில் அப்படிச் சொல்லும் இரண்டு பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள்.

தீ படபடத்தது. கிராணி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பிடரியில் இருந்த மல்லிகையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு குறிப்பேட்டைப் பையில் செருகினார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு வந்தார். பொரித்தட்டைத் தாமே எடுத்தார்.

"தம்பி ஊர்ல இல்ல போல. பரவால்ல, நான் போடுறேன்."

அவர் கை என் கைமேல் கவிந்தது. பென்சில் கரி படிந்த விரல்கள். பொரி ஒரு பிடிதான் இருந்தது. அரிசி இல்லாத காலம். அதை மூன்று பங்காக இட்டார். மூன்றாம் முறை குனிந்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இனிமே பதினாலுன்னு சொல்லு, தங்கச்சி."

அவரை நல்லவர் என்று எழுத என் பேனா ஒப்பவில்லை. தலைப்பில் மூடாமல் கிடந்த அந்த இரண்டு இலைகளும் அவர் எழுதியவைதாம். ஆயினும் செல்லையாவைத் தேடி எந்த லோரியும் வரவில்லை.

அன்று கிராணி முதல் பந்தியில் அமர்ந்தார். இருபுறமும் யாரும் உட்காரத் துணியாமல் இலைகள் வெறுமையாக இருந்தன. சற்று நேரத்தில் தந்தையார் போய் அவர் பக்கத்தில் அமர்ந்தார். கிராணி இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கி உண்டார். கடைசி ஆள் முடிக்கும்வரை இலைமுன் கையைக் கட்டிக் காத்திருந்து, எல்லாரோடும் எழுந்தார். காலையிலிருந்து பட்டினி கிடந்த நான் மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தாளியாக இருப்பது எவ்வளவு சுகம் என்று தோன்றியது. அச்சம் சற்றே இறங்கிய இடத்தில் பசி வந்து அமர்ந்திருந்தது.

அதன்பின் அவரை எந்தத் திருமணத்திலும் நான் காணவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பத்து பெரெண்டாம் என்னும் ஊரில் ஒரு திருமணம். முதல் பந்தியில் முதல் ஆளாக அமர்ந்தேன். பரிமாற வந்த இளைஞர், "அம்மா, உங்க வரிசையில எத்தனை பேருன்னு பார்த்துச் சொல்லுங்களேன், இலை போடணும்" என்றார். தலைகளை எண்ணினேன்.

"பதினாலு" என்றேன்.